காலால் பார்த்தல்

ஸ்கேட்போர்டு ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் என்ன தந்தது என்று கேட்டால் பலகையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டுகிறவர்களே அதிகம். 1985இல் ஜிம் பிலிப்ஸ் வரைந்த, உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் நீலக் கை பனியன்களில் ஏறி உலகம் சுற்றிவிட்டது. 2009இல் டேமியன் ஹர்ஸ்டின் ஓவியங்கள் பலகையில் அச்சாகிச் சேகரிப்பாளர்களிடம் போயின. தரையில் தேயவேண்டியதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியாயிற்று. கலகம் பண்டமாகிற கதை நமக்குப் புதுசில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1970களின் நடுவில் கலிபோர்னியாவில் மழை பொய்த்து வீட்டு நீச்சல்குளங்கள் வற்றியபோது, வேலியேறிக் குதித்த பையன்கள் அந்தக் குழியில் ஒரு வளைவைக் கண்டார்கள். சொத்துரிமை 'குளம்' என்று பெயரிட்டதை அவர்களுடைய கால் வேறாக வாசித்தது. பிரெஞ்சுக் கலைஞர் ரஃபாயெல் ஸார்கா இந்த வாசிப்பைத்தான் கலைக்குள் கொண்டுவந்தார். பொது இடங்களில் நிற்கும் நவீனச் சிற்பங்களின் மேல் ஸ்கேட்டர்கள் ஏறி ஓட்டும் புகைப்படங்களை, அந்த வட்டத்துப் புகைப்படக்காரர்களிடமிருந்தே திரட்டி 'ரைடிங் மாடர்ன் ஆர்ட்' என்று தொகுத்தார். 'தொடாதே, தள்ளி நின்று பார்' என்கிற சிற்பம் அங்கே சரிவாகவும் உராய்வாகவும் மறுபடி அளக்கப்படுகிறது. பார்வையாளன் என்கிற நிலையே ஆட்டங்காண்கிறது.

இதை வைத்துக்கொண்டு நம்மூர்ப் பக்கம் வருவோம். நான் இருப்பது திருப்போரூரில். மாமல்லபுரம் பக்கத்து ஊர். அங்கே ஸ்கேட்போர்டு ஓட்டிய ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி ஸாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கவுனும் வெறுங்காலுமாக அவர் சரிவில் இறங்கும் புகைப்படமும், அமெரிக்க ஸ்கேட்போர்டு நட்சத்திரம் டோனி ஹாக் பகிர்ந்து, உலகெங்கும் போனது.

இந்தப் பிம்பத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. 'காலை ஒடுக்கி உட்காருடி' என்று பழக்கப்படுத்தப்படும் உடல், காலை அகட்டி நின்று, தன் எடையைத் தானே தாங்கி, நாலு பேர் பார்க்க விழுந்து எழுவது சாதாரணக் காரியமில்லை. அதைத் தாயின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னது படத்தின் நேர்மை. ஆனால் அந்தப் புகைப்படம் ஏன் அவ்வளவு தூரம் ஓடியது? கவுனும் வெறுங்காலும் 'ஏழை இந்தியச் சிறுமி' என்கிற குறியாகவும், பலகை மேற்கிலிருந்து வந்த விடுதலையாகவும் வாசிக்கப்பட்டதால்தான். ஊர் வெறும் பின்திரை. பலகையின் சொரசொரப்பை வெறுங்கால் பிடித்துக்கொள்ளும் விதம், முழங்கால் மடங்கும் கணக்கு, மொத்தத்தில் அந்த உடலின் அறிவு யாருக்கும் தேவைப்படவில்லை. கலிபோர்னியாப் பையன் சரிவில் இறங்கினால் 'பாணி'. நம்மூர்ப் பெண் இறங்கினால் 'நம்பிக்கை'. இந்தப் பாகுபாட்டை யார் செய்தார்கள்?

சரிவு அந்த ஊருக்குப் பலகையோடு வந்து இறங்கியதல்ல. வெண்ணெய் உருண்டைக் கல்லை ஒட்டிய பாறையில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி அது வழவழத்துக் கிடக்கிறது. உளி செதுக்கிய பரப்பு என்றால் அதற்கு வரலாறு உண்டு. 1984இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியாயிற்று. பிள்ளைகளின் டவுசர் தேய்த்த பரப்புக்கு மட்டும் வரலாறு கிடையாதா? 1957இலிருந்து சிற்பக் கல்லூரி இருக்கிற ஊர் அது. பட்டறையில் கல்லைத் தேய்த்து மழமழப்பாக்கும் தொழிலாளியின் கைக்கும், அந்த மழமழப்பில் வழுக்கிப் பார்க்கும் காலுக்கும் உள்ள உறவை, நான் பார்த்தவரை, நம் ஓவியர்கள் தொடவில்லை. கடற்கரைக் கோயிலைத் தபாலட்டை மாதிரி வரைந்து தள்ளுவதோடு சரி.

கமலி பின்னாளில் அலைச்சறுக்கில் தேசிய அளவில் வென்று, தேர்ந்த போட்டியாளராக வளர்ந்துவிட்டார். புகைப்படத்தில் இருப்பவர் இன்னும் சிறுமிதான், இன்னும் அதே கவுன்தான். பிம்பம் அவரை வளரவிடாது. ஸ்கேட்போர்டிலிருந்து கலைக்கு எதையாவது கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் இன்னொரு சிறுமியைத் தேடிக் கேமராவோடு கிளம்ப வேண்டாம். அவர் எதைப் பார்த்தபடி இறங்கினாரோ, அந்தச் சரிவைப் பார்க்கட்டும்.