கவுந்தியடிகளின் நடை

சிலப்பதிகார நாடுகாண் காதையை இயற்கை வருணனையாக மட்டும் கற்பிப்பது பெருங்குறை. அது நடையின் காதை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரைப் பயணம் வாழ்வின் நெருக்கடி. கவுந்தியடிகளுக்கோ அறம் கேட்கும் வேட்கை. வயல்வழி செல்வோர் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்குமே என அஞ்சுகிறார் அவர். சமண நோன்பு பாதத்திலேயே குடிகொண்டுள்ளது. நாளொன்றுக்குக் காவதத்திற்குமேல் நடவாமல், இடையிடையே பன்னாள் தங்கினர் மூவரும். கண்ணகியின் மெல்லடி நோவாமல் காத்தது இவ்வளவே. வகுப்பறையோ இதனைக் கடந்துவிடுகிறது.

கேமரன் மலையில், 1929இல் தோன்றிய போ தோட்டம் முதலியவற்றில், கொழுந்துக்கூடை சுமந்து சரிவேறிய தமிழ்ப் பெண்களின் நடையும் வாழ்க்கை விதித்ததே. அதனை உடற்பயிற்சி எனப் போற்றுவது (போற்றுவோரும் உளர்!) பொருந்தாது. தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தும் நடை வேறு. அங்கே நோன்பு உண்டு, துணையும் உண்டு. இளங்கோ கண்ணகிக்கு அளித்த அத்துணை, மாதரியிடம் அடைக்கலம் தந்ததோடு நீங்கியது. மதுரை எரிந்தபின் மேற்குவாயில் கடந்து அவள் நடந்தபோது, இரவு பகல் அறியவில்லை. காவதம் எண்ணவும் எவருமில்லை.