தேன்கொள்ளையும் தேனெடுப்பும்: மலைபடுகடாம் முதல் மார்த்தாண்டம் வரை

சங்கப் பாடல்களில் இடம்பெறும் தேனெடுப்பை, தேனீக்களுக்கு ஊறு செய்யாத தொல்குடி அறிவின் சான்றாகக் கொள்ளும் போக்கு சூழலியல் நோக்கிலான வாசிப்புகளில் உண்டு. பாடல்களின் சொற்கள் அதற்கு எளிதில் இடந்தருவதில்லை. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் தேனெடுப்பைக் 'கொள்ளை' என்றே சுட்டுகிறது. அரண் எறிந்த கானவரின் உவகை ஆரவாரம் அதனை அடுத்தே ஒலிக்கிறது. 'மால்பு' எனும் கண்ணேணியைக் குறிக்கும்போதும் புலவரின் கவனம் ஏறுபவர் மீதே உள்ளது. கபிலரின் பறம்புப் பாடலிலோ (புறம். 109) தேன் உழவர் உழாத விளைவுகள் நான்கனுள் ஒன்று. ஓரிடத்தில் கொள்ளை, மற்றோரிடத்தில் விளைவு. தேனீக் கூட்டத்தின் பிழைப்பு இரண்டிலும் பேசுபொருளன்று.

பழந்தமிழில் 'தேன்' என்னும் ஒரு சொல்லே ஈயையும் அடையையும் சாற்றையும் குறித்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது. வீட்டையும் விளைவையும் பிரிக்காத சொல் அது.

ஆயினும் பிரிக்கும் வாய்ப்பு அடையிலேயே உள்ளது. மலைத்தேனீ கட்டும் ஒற்றை அடையில் தேன் மேற்பகுதியிலும் புழுக்கள் கீழ்ப்பகுதியிலும் அமைகின்றன. தேன்பகுதியை மட்டும் அரிந்து புழுப்பகுதியை விட்டுவைத்தால் கூட்டம் மீள இயலும். நன்னனின் நவிரமலை குமரியின் மலைகளுக்கு வெகுதொலைவிலுள்ளது. தேனீ இனம் ஒன்றே. எனவே இவ்வறிவு அன்று இல்லை என்று பாடலைக் கொண்டு முடிவுகட்டுவதும் பிழையே. பாடல் அதனைக் கூறவில்லை என்பது மட்டுமே உறுதி.

பிரிப்பு ஒரு தொழில்நுட்பமாக நிலைபெற்றது மார்த்தாண்டத்தில். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் பெட்டித் தேனீ வளர்ப்பை அங்குப் பரப்பியது. பானையிலும் மரப்பொந்திலும் அடையோடு புழுவையும் பிழிந்த முறைக்கு மாற்றாக, பெட்டியில் கீழே புழு அறையும் மேலே தேன் அறையும் அமைந்தன. தேன் அறையின் சட்டங்களைச் சுழற்கருவியில் இட்டுத் தேனைப் பிரித்தபின், வெற்று அடை கூட்டத்திற்கே திரும்புகிறது. இன்று அத்தேனின் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் பூவிலிருந்தன்று, இலைக்காம்பு நுனியின் சுரப்பிகளிலிருந்து கிடைக்கிறது. குறிஞ்சித்திணை அறியாத விளைவு இது.

ஊறின்மை என்ற சொல்லை இப்பெட்டிக்கும் முழுமையாக வழங்க இயலாது. பொந்தில் வாழ்ந்த அடுக்குத்தேனீக் கூட்டத்தை அதன் அடைகளை அறுத்துச் சட்டத்தில் கட்டிக் குடியேற்றுவதிலிருந்தே பல பெட்டிகள் தொடங்குகின்றன. மலைத்தேனீயோ பெட்டிக்குள் அடங்குவதில்லை. அதனிடம் செல்பவருக்கு இன்றும் ஏணியும் கயிறும் புகையும் வேண்டும்.