ஏற்றத்துக்குப் பிறந்த பலகை

பனிமலையில் ஸ்ப்ளிட்போர்டுக்கு ஈடான கருவி வேறில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நெடுக்குவாட்டில் பிரித்தால் இரண்டு ஸ்கீ. அவற்றை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் எட்டாத முகடுகளுக்கு நடந்தே ஏறலாம். உச்சியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் முழு ஸ்னோபோர்டு. யார் தடமும் விழாத பொடிப்பனியில் மிதந்தபடி இறங்கலாம்.

அது பிறந்த மண்ணிலேயே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலைகளில், அதில் ஏறி இறங்கக் கிடைத்தது என் பாக்கியம். 1990களின் தொடக்கத்தில் பிரெட் கோபெர்னிக் என்பவர் இந்த யோசனையோடு சால்ட் லேக் சிட்டியின் வொலே நிறுவனத்துக்குப் போனார். வொலே முதலில் விற்றது, சொந்தப் பலகையை நீங்களே நடுவில் அறுத்து மாற்றிக்கொள்வதற்கான உதிரிபாகங்களை! அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. கோபெர்னிக் பிற்பாடு யூட்டா பனிச்சரிவு மையத்தில் முன்னறிவிப்பாளராகவும் பணியாற்றினார். மலையேற வழி காட்டியவரே எந்த நாளில் எந்தச் சரிவைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். அந்த மையத்தின் அறிவிப்பைப் படிக்காமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பனியில் புதைந்தவரைத் தேடி மீட்க உதவும் பீக்கன், மண்வாரி, துழாவுகோல் மூன்றும் உடன் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது பலகைக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் இறக்கத்தை மனதில் வைத்தே பலகையைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் மூன்று மணி நேரம் ஏறினால் இறங்குவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆகவே ஏற்றத்துக்கு ஏற்ற பலகையைத் தேடுங்கள். என் கட்சி இதுதான்.

அதிலும் முதலில் பார்க்க வேண்டியது கேம்பர். பலகையைத் தரையில் வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் நடுவே லேசாக மேலெழும்பி நிற்கும் வளைவு அது. நாம் ஏறி நிற்கும்போது அந்த வளைவு அமுங்கி, நீளம் முழுக்கப் பனியை அழுத்தும். ஏறும்போது பின்னே வழுக்காமலிருக்க அடியில் ஒட்டும் ஸ்கின் என்ற பட்டையும் முழுதாகப் பிடிக்கும். நடுவில் தாழ்ந்து இரு முனைகளும் தூக்கி நிற்கும் ராக்கர் பலகை பொடிப்பனியில் சுகமோ சுகம். ஆனால் வெயிலில் இளகி இரவில் இறுகிய குறுக்குச்சரிவில் அதைப் பிரித்து நடந்தால், காலடியில் மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு மீதியெல்லாம் அந்தரத்தில் நிற்கும். பாதிப் பலகை என்றாலும் இடுப்பில் 12, 13 சென்டிமீட்டர் அகலம்; சாதாரண டூரிங் ஸ்கீயைவிட அகலம். விளிம்பு வழுக்கினால் அந்த அகலமே நெம்புகோலாகிக் கணுக்காலைத் திருகும்.

அதனால்தான் ஜோன்ஸ் சொல்யூஷன் பலகைமேல் எனக்கு இத்தனை காதல். பாதங்களுக்கு நடுவே கேம்பர், முனைகளில் ராக்கர், விளிம்பில் மெல்லிய அலைபோன்ற மேடுகள். இறுகிய பனியில் அந்த மேடுகள் கவ்வும்போது உடம்பே நிம்மதியாகிறது! அதை உருவாக்கிய ஜெரமி ஜோன்ஸ், ஹெலிகாப்டரை விட்டுவிட்டுக் கால்நடையாக மலையேறி 2010இல் ‘டீப்பர்’ என்ற படத்தைத் தந்தவர். ஏறுகிறவனின் கஷ்டம் தெரிந்த கை செய்த பலகை என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது.

எடை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பலகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறகுபோல இருக்கிறதே என்று கடையில் மயங்கத் தோன்றும். கரடுமுரடான பனியில் அதே பலகை பற்கள் அதிர அதிர உதறும். நீளத்தை முடிவு செய்யும்போது உடல் எடையோடு பையின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கின்னைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பூனையின் முதுகைப்போல ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடுக்கும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் செங்குத்தில் நிற்கிறோம். நைலான் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். மொஹேர் வழுக்கிக்கொண்டு முன்னேறும். இரண்டும் கலந்தது எனக்குப் பிடித்தது. வெட்டும்போது எஃகு விளிம்பு வெளியே தெரியும்படி வெட்டுங்கள். கடுங்குளிரில் உச்சியில் கழற்றியதும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டால் பசை மறுபடி ஒட்டும்.

காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் மான்டனாவின் ஸ்பார்க் நிறுவனம் செய்வதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடக்கும்போது முன்முனையில் மட்டும் பிணைந்து குதிகால் எழும்பும். உச்சியில் பிரித்தெடுத்து, சேர்ந்த பலகையின் வில்லைகள்மேல் குறுக்காகத் தள்ளினால், விறைத்த விரல்களுக்கும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். காற்று அறையும் முகட்டில் அந்தச் சத்தம் எவ்வளவு இனிமை தெரியுமா!

வாசாட்ச் மலைகளிலேயே இருக்கும் ஆல்டா ஸ்கீ மையத்தின் லிஃப்ட்டுகளில் ஸ்னோபோர்டுக்கு இன்றும் இடமில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சொந்தக் காலில் ஏறுகிற சுகம் லிஃப்ட்டில் போவதைவிடப் பெரியது.

பலகையை வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பொடிப்பனியில் எந்தப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். பனிச்சரிவு அபாயம் இல்லாத சின்னச் சரிவாகப் பார்த்து, பனி இறுகிக் கிடக்கும் காலைநேரத்தில், குறுக்காக நடந்து பாருங்கள். எதை வாங்குவது என்று கால்களே சொல்லிவிடும்.