'அறைத் திருத்தம்' என்னும் கருத்தாக்கம்: தகவமைவு எண்ணிம வடிகட்டலின் எல்லைகள்

ஒலிபெருக்கியின் ஒலி செவியை நேரடியாக மட்டும் அடைவதில்லை. சுவர், தரை, கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பிய ஒலியும் அதனுடன் கலக்கிறது. இக்கலப்பால் நேரும் பிறழ்வை ஒலிவாங்கியால் அளந்து, நேர்மாறான எண்ணிம வடிகட்டியால் நீக்கும் முறை 'அறைத் திருத்தம்' எனப்படுகிறது. பெயர் உணர்த்தும் ஆற்றல் அம்முறைக்கு உண்டா என்பது ஆய்வுக்குரியது.

தகவமைவு வடிகட்டலின் அடிப்படைகளுள் ஒன்று, 1960இல் விட்ரோவும் ஹாஃபும் வெளியிட்ட கற்றல் நெறி. விரும்பிய ஒலிக்கும் கிடைத்த ஒலிக்கும் இடையிலான பிழையின் இருமடிச் சராசரி குறையுமாறு வடிகட்டியின் கெழுக்களை அது படிப்படியாக மாற்றுகிறது. பிழை எங்கே அளக்கப்படுகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒலிவாங்கி உள்ள புள்ளியில் பிழை குறையலாம். கேட்பவரின் செவி அப்புள்ளியில் நிலைத்திருப்பதில்லை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 செ.மீ. மட்டுமே. தலை சற்று அசைந்தாலும் அங்குத் திருத்தமே பிழையாகக்கூடும்.

சுவர்கள் ஒலியை மிகுதியாகத் திருப்பும் அறையின் கணத்தாக்கு மறுமொழி சிறுமக் கட்டப் பண்புடையதன்று என நீலியும் ஆலனும் 1979இல் காட்டினர். அத்தகைய மறுமொழிக்கு, காலத்தாழ்வு இன்றி நிலைப்புடன் இயங்கும் சரியான நேர்மாறு வடிகட்டி அமையாது. ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சரியான நேர்மாறு பெறும் வழியை 1988இல் மியோஷியும் கனேடாவும் அளித்தனர். எனினும் அவ்வழியும் குறிப்பிட்ட சில புள்ளிகளுக்கே பொருந்துகிறது.

தாழ் அதிர்வெண்களில் நிலை வேறு. 60 கன மீட்டர் கொள்ளளவும் 0.4 வினாடி எதிர்முழக்க நேரமும் உடைய அறைக்கு ஷ்ரோடர் அதிர்வெண் ஏறத்தாழ 163 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அறையின் ஒத்ததிர்வுகள் தனித்தனியே நிற்பதாலும், அலைநீளம் 2 மீட்டருக்கு மேற்படுவதாலும், மேடுகளைத் தாழ்த்தும் திருத்தம் இருக்கையைச் சுற்றிலும் பயன் தருகிறது. பள்ளங்களுக்கு இது பொருந்தாது. ஒலியைக் கூட்டினால், அதை அழிக்கும் எதிர் அலையும் அதே அளவில் கூடும்.

வடிகட்டி மாற்றுவது ஒலிபெருக்கி வெளியிடும் ஒலியை. சுவரின் உறிஞ்சுதிறனை அன்று. இவ்வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிடுகிறது. திரைச்சீலை, ஒலியுறிஞ்சு பலகை, ஒலிபெருக்கியின் இடம் ஆகியவற்றால் தீர வேண்டிய குறையை மென்பொருளிடம் விட்டுவிடும் வகுப்பறையில், கடைசி வரிசை மாணவருக்குச் சொற்கள் தெளியாமலே போகும். ஆகவே, 'அறைக்கேற்ற ஒலிபெருக்கிச் சீரமைவு' என்பதே இம்முறைக்குப் பொருத்தமான பெயர் எனலாம்.