மக்கத்து மண்ணும் மருத நிலமும்

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் பயிலுந்தோறும் நமக்கு வியப்பும் சிறு வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன. உமறுப் புலவர் காட்டும் அறபு நாட்டில் மழை பொழிகிறது, மலையிலிருந்து வெள்ளம் இறங்கி வயல்களை நிறைக்கிறது, நெல் விளைகிறது. கம்பர் வழிவந்த வெறும் காப்பிய மரபு இது என ஒதுக்குவாருடன் நாம் உடன்படோம். 17ஆம் நூற்றாண்டில் அப்புலவர் வாழ்ந்த எட்டயபுரம் வானம் பார்த்த கரிசல் பூமி. தம் ஊருக்கு வாய்க்காத செழிப்பையெல்லாம் நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த நாட்டுக்கு அவர் காணிக்கையாக்கினார் என்றே நாம் கொள்கிறோம்.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பயிர் விளையாத பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்தியதாகவன்றோ நபி இபுறாஹீம் (அலை) இறைவனிடம் முறையிட்டார்கள் (திருமறை 14:37)? அன்னை ஹாஜறா ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடியது பாலகரின் தாகம் தீர்க்க. ஆறு பாயும் நாட்டில் அந்த ஓட்டத்துக்குப் பொருள் ஏது? இன்று அவ்வழி கூரையும் பளிங்குத் தளமுமாகிவிட்டது. எனினும் ஹாஜிகள் அங்கே நினைப்பது அந்தத் தாகத்தைத்தான்.

படலத்தின் அழகை நாம் குறைத்துரைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதனை ஓதிக் காட்டும்போது ஸம்ஸமின் வரலாற்றையும் உடன் சொல்லியே ஓதிக் காட்டுகிறோம்.