கத்தியும் கூண்டும்: ஜீவகாருண்யச் சொல்லாடல் குறித்துச் சில சந்தேகங்கள்

2003 ஆகஸ்டில் தமிழக அரசு, தூங்கிக் கிடந்த 1950ஆம் வருஷத்துச் சட்டமொன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாதென்று உத்தரவு போட்டபோது அதை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். சுடலைமாடனும் கருப்பசாமியும் என்ன சாப்பிட வேண்டுமென்பதைக் கோட்டையா தீர்மானிப்பது என்று கேட்டோம். 2004இல், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பாகவே, சட்டம் வாபஸானது. அந்த எதிர்ப்பு சரி என்றே இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த விவாதம் முழுக்க ஆடு எங்கே இருந்தது என்று இப்போது யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. அரசுக்கு அது சாக்கு. நமக்கு அது பண்பாட்டுக் குறியீடு. கழுத்தும் மூச்சும் உள்ள ஒரு பிராணியாக அது இரண்டு தரப்புப் பேச்சிலும் வரவேயில்லை.

புலால் மறுப்பு இங்கே வெறும் அறமாக மட்டும் இருந்ததில்லை என்பது தெரிந்த விஷயந்தான். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்குமான உறவை அம்பேத்கர் 1948இலேயே எழுதிவிட்டார். 1867இல் வடலூரில் தருமசாலை திறந்து, பசியாற்றுவதையே ஜீவகாருண்யத்தின் மையமாக வைத்த வள்ளலாரிடங்கூடப் புலால் உண்பவர் 'புற இனத்தார்' ஆகிவிடுகிறார். அவருக்குச் சோறுண்டு, உறவில்லை. விலங்கின்மேல் காட்டுகிற இரக்கம் மனுஷருக்கு நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் ஓய்கிறது.

நமது சட்டங்களும் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கின்றன. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நகர இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் பேரால் 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் கூண்டைத் தொடவில்லை, சந்தையைத் தொட்டன. வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்றார்கள். சில நாட்களிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. பால் வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் சம்சாரி விற்காமல் என்ன செய்வான்? காப்பி டம்ளருக்கும் வெட்டுக்கத்திக்கும் நடுவில் ஒரே சந்தைதான் இருக்கிறது. வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்று புலால் மறுத்தல் அதிகாரம் வைக்கிற வாதத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் சைவச் சாப்பாட்டு இலையும் தப்பாது.

சரி, கூண்டுக்கு வருவோம். நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் நாம் எழுதுகிற ஒரு தாளைவிடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகைச் சூட்டுத் தகட்டால் வெட்டிவிடுகிறார்கள். முட்டையிடும் ரகத்தில் பொரிக்கிற சேவல் குஞ்சுகளால் லாபமில்லை என்பதால் அவை பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. இங்கே ரத்தம் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே இது 'கொடுமை' என்ற சொல்லுக்குள் வருவதுமில்லை. ஏழையின் கத்தியைப் பார்க்கிற அதிகாரத்தின் கண்ணுக்கு மூலதனத்தின் கூண்டு தெரியாது.

பலிக்கு நிற்கிற ஆட்டின்மேல் மஞ்சத்தண்ணி தெளித்துவிட்டு ஊரே காத்து நிற்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அது உடம்பைக் குலுக்கினால்தான் உத்தரவு, அப்புறந்தான் அரிவாள். இது ஒரு புனைவு. ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். இதை நாட்டார் அறம் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. வெட்டுகிற வேலை எந்தச் சாதியின் தலையில் விழுந்தது என்பதையும் மறக்க முடியாது. ஆனாலும், கொல்வதற்கு அனுமதி தேவை என்ற எண்ணமாவது அந்தப் பொய்க்குள் இருந்தது. கூண்டுக்கு அந்தப் பொய்யும் வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் என் தடுமாற்றம். சத்துணவுக் கூடத்தில் ஒரு பிள்ளையின் தட்டில் விழுகிற முட்டை அதே கூண்டிலிருந்துதான் வருகிறது. 2015இல் மத்தியப் பிரதேசத்தின் அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சவுகான் அங்கன்வாடிகளில் முட்டை தருவதை மறுத்தார். பசித்த பிள்ளையின் புரதத்தைப் பறிக்கிற சைவம் அது. அந்தப் பக்கம் போய் நிற்க என்னால் முடியாது. அதற்காகக் கோழியின் வலியைப் பற்றிப் பேசினாலே பார்ப்பனியம் என்று வாயடைப்பதும் சரியில்லை. வலி சாதி பார்த்து வருவதில்லை. அதைப் பேசும் உரிமையைச் சைவ மடங்களிடமும் பசுக்காவலர்களிடமும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டது நம்முடைய தவறு.

ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. முட்டை அங்கே மறைந்துவிடவில்லை. கூண்டை உடைத்தால் முட்டை விலை ஏறத்தான் செய்யும். அந்த விலையைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்காமல் அரசின் கஜானாவிலிருந்து எடு என்று கேட்பது நம்முடைய அரசியலாக இருக்க முடியாதா? என்ன சாப்பிடுகிறாய் என்று மனுஷனைக் கேட்பதற்கு முன்னால், அது எப்படி வாழ்ந்தது என்று முதலாளியைக் கேட்கலாம்.

நான் கறி தின்பவன். இதை எழுதி முடித்த பிறகும் தின்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 2003இல் பேசியதுபோல அவ்வளவு தெம்பாக இனிமேல் பேச முடியாது.