‘மறுசேர்க்கை’: சொல்லும் பொருளும்

1946-இல் லெடர்பெர்க்கும் டாட்டமும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரில் கண்ட மரபுக் கலப்பை ‘மறுசேர்க்கை’ என்கிறோம். சொல் பிழையன்று. ஆயின், அதனை ‘வெட்டி ஒட்டுதல்’ என வகுப்பில் விளக்குவது பொருந்தாது. தலையாய செயலாகிய தேடல் அதில் மறைந்துபோகிறது.

1965-இல் கிளார்க்கும் மார்குலீசும் மறுசேர்க்கை ஆற்றல் இழந்த ஈ. கோலி வகைகளைப் பிரித்தெடுத்தனர். புறஊதாக் கதிர் பட்டதும் அவை எளிதில் மடிந்தன. அவ்வழியே அறியப்பட்டது ரெக்-ஏ என்னும் புரதம்.

டி.என்.ஏ. அறுந்தால், ரெக்-பி-சி-டி என்னும் நொதி அறுந்த முனையைச் செதுக்கி ஒற்றை இழையை வெளிப்படுத்துகிறது. எழுத்து எனத்தகும் நியூக்ளியோடைடு மூன்றுக்கு ஒன்றாக ரெக்-ஏ அவ்விழைமீது வரிசையாகப் படிந்து, அதனை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீட்டுகிறது. பின்னர், ஒத்த வரிசையுடைய இரட்டை இழையைத் தேடுகிறது. எவ்வரிசையாயினும் ரெக்-ஏ பற்றும். ஒத்த வரிசை கிட்டினாலன்றி இழைகளை மாற்றாது. பற்றுவதில் பாகுபாடில்லை; இணைப்பதில் உண்டு. மரபுச் செய்தி சிதையாது காப்பது இதுவே.

ஆகவே, ஆசிரியர்கள் ‘மறுசேர்க்கை’ என்னும் சொல்லை விலக்க வேண்டுவதில்லை. ‘ஒத்ததை நாடி இணைதல்’ என்னும் விளக்கத்தை உடன் தருதல் வேண்டும். கத்தியும் பசையும் மட்டுமே மாணவன் மனத்தில் நின்றால், அவன் கலைச்சொல்லைக் கற்றான்; பொருளைக் கற்றிலன்.